ஏடுகளை இணைக்கும் கல்வி

மதுரைக் காளவாசலைக் கடந்து தேனிச் சாலையில் மேற்கே சென்றால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தை அடையலாம். 1966இல் நிறுவப்பட்ட அக்கழகத்தை அறிவுலகில் அறிமுகப்படுத்தியவற்றுள் உயிரியல் ஆய்வு ஒன்று. நமக்கு நெருக்கமான மற்றொன்று, இலங்கையிலிருந்து வந்து அங்குப் பேராசிரியராகப் பணியாற்றிய மர்ஹூம் எம். எம். உவைஸ், அஜ்மல்கானுடன் இணைந்து எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு. அறிவியலும் சமய மரபாய்வும் கைகோத்தால் என்ன விளையும் என்பதை 2008இல் வெளிவந்த 'இண்டியா டிரேடர்ஸ் ஆஃப் தி மிடில் ஏஜஸ்' என்னும் நூலைக் கொண்டு ஆராய்வோம்.

இறைவன் பெயர் பொறித்த தாளை அழித்தலாகாது என்பது யூதர் மரபு. அரபெழுத்துத் தாளைக் காலடியில் விடாத நம்மவர்க்கு இது வியப்பன்று. அவ்வாறு பழைய கெய்ரோவின் தொழுகைக்கூட அறையில் சேர்ந்த ஏடுகளுள் ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் இன்று கேம்பிரிட்ஜில் உள்ளன. அவற்றுள் இந்திய வணிகம் பற்றியவற்றை எஸ். டி. கோய்ட்டைன் திரட்டினார். 1985இல் அவர் மறைந்தபின் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் மொர்தெகாய் ஃபிரீட்மன் அப்பணியை நிறைவேற்றினார்.

அக்கடிதங்களின் மொழி அரபு, எழுத்து எபிரேயம். தமிழை அரபெழுத்தில் எழுதிய நம் அரபுத்தமிழின் உடன்பிறப்பு என அதனைக் கூறலாம். 'இன்ஷா அல்லாஹ்' என்று யூத வணிகர் எழுதினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பின் யிஜூவின் வாழ்வு இவ்வேடுகளால் துலங்குகிறது. கப்பலுடையோருள் 'பட்டணசுவாமி' எனும் நம் நிலத்துப் பட்டப்பெயரும் தென்படுகிறது. ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்து குறிப்பெழுதிய உழைப்பு போற்றத்தக்கது.

எனினும் ஒரு குறையைச் சுட்டியாக வேண்டும். இக்கடிதங்களில் நாம் காண்பது பெரிதும் ஏடனிலிருந்தும் கெய்ரோவிலிருந்தும் நோக்கப்பட்ட இந்தியா. பின் யிஜூ 1132இல் விடுதலை செய்த ஆஷு என்னும் பெண்ணைப் பற்றிய பத்திரம் உண்டு. அவள் சொல் ஒன்றுமில்லை. இது ஆசிரியர்களின் பிழையன்று, சான்றின் எல்லை. அவ்வெல்லையை விரிக்க இக்கரையின் ஏடுகள் வேண்டும்.

இங்கேதான் நம் கடமை தொடங்குகிறது. காப்பியங்களையும் சிற்றிலக்கியங்களையும் தொகுத்துரைத்த உவைஸின் பணி அடித்தளமாகும். ஆயின் காயல்பட்டினம், கீழக்கரை இல்லங்களில் எஞ்சிய அரபுத்தமிழ்க் கடிதமும் கணக்கேடும் நிக்காஹ் பதிவும் இலக்கியம் அல்ல என்பதற்காகவே புறக்கணிக்கப்படலாமா? கோய்ட்டைன் சமூக வரலாறு படைத்தது இத்தகைய எளிய தாள்களைக் கொண்டே. சிதறிய துண்டுகளின் கையெழுத்தையும் வரி இடைவெளியையும் ஒப்பிட்டு, ஒரே ஏட்டைச் சேர்ந்தவற்றைக் கண்டறியும் கணினி முறையை டெல் அவீவ் அறிவியலாரே வகுத்தனர். அப்பல்கலைக்கழகம், 1948இல் மக்கள் அகன்ற ஷேக் முவன்னிஸ் என்னும் பலஸ்தீனச் சிற்றூரின் நிலத்தில் நிற்கிறது. அதனை நாம் மறக்கலாகாது. அங்கே உருவான ஆய்வு முறையைக் கற்க மறுப்பதும் தகாது. வேரிழந்தோரின் வரலாறும் ஏடுகளால்தான் காக்கப்படும்.

அரபு, தமிழ், கணினி மூன்றும் அறிந்த மாணவரை ஒருங்கே உருவாக்கப் பல்கலைக்கழகங்கள் முன்வரட்டும். அதுவரை நம் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து, ஏடுகளைப் படமெடுத்து வைப்போம். கரையான் நம் பாடத்திட்டத்திற்காகக் காத்திராது.