துய்த்தல் யாருடையது? மூன்று அசைவூட்டப் படங்களின் கதைக்கோப்பு

குடும்பத்தார் ஒருங்கிருந்து காணும் அசைவூட்டப் படங்கள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பெற்றவை என்னும் கருத்துப் பெரிதும் வழங்கிவருகின்றது. தாயையோ தந்தையையோ இழத்தல், இல்லம் நீங்குதல், துணை பெறுதல், இடர் கடத்தல், மீளுதல் என்னும் நிரலைக் காட்டி, 'எல்லாம் ஒன்றே' என முடித்துவிடுவர். விளாதிமிர் பிராப் 1928இல் உருசிய மாயக்கதைகளை ஆராய்ந்து வகுத்த 31 செயற்கூறுகளும், ஜோசப் கேம்பல் 1949இல் விரித்துரைத்த வீரன் பயணமும் இம்முடிபிற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்பெறும். பிராப் கூறியது இதுவன்று. கூறுகள் எவை என்பதோடு, அவை நிற்கும் வரிசையையும் அவர் வற்புறுத்தினார். வரிசையை விடுத்துக் கூறுகளை மட்டும் எண்ணுதல், சொற்களை எண்ணிப் பாட்டின் பொருள் காண முயல்வதை ஒக்கும்.

வரிசையை அளத்தற்கு நம் உரையாசிரியர் தந்த கருவி ஒன்று உண்டு. சிலப்பதிகார உரையுள் அடியார்க்குநல்லார் நாடகச் சந்தி ஐந்தனையும் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என நிறுத்தி, உழவுத்தொழிலோடு பொருத்திக் காட்டுவர். இட்ட வித்து முளைத்தல் முகம், நாற்றாதல் பிரதிமுகம், கருவுற்றுப் பொதிந்து நிற்றல் கருப்பம், கதிர் முற்றுதல் விளைவு, அறுத்துக் கொண்டுபோய் உண்டு மகிழ்தல் துய்த்தல். வடமொழி நாடக நூலாரும் சந்தி ஐந்தே கூறினர். ஐந்தாவதற்கு அவர் இட்ட பெயர் நிர்வகணம் என்பது. அது நிறைவேற்றுதல் என்னும் அளவில் நிற்க, துய்த்தல் என்னும் தமிழ்ச்சொல்லோ இரண்டு வினாக்களை உடன்கொணர்கின்றது. விளைந்ததை உண்பவர் யார்? வித்தியது எதுவோ, அதுவே விளைந்ததா? இவ்விரண்டையும் மூன்று படங்களிடத்துக் கேட்பதே ஈண்டு நம் நோக்கம். கடலாதலின் நெய்தல், காடாதலின் முல்லை என இப்படங்களுக்குத் திணை வகுக்கும் விளையாட்டு நமக்கு வேண்டா.

முதலாவது, ரோஜர் அல்லர்ஸ், ராப் மின்காஃப் ஆகியோர் இயக்கி 1994இல் வெளிவந்த 'தி லயன் கிங்'. அரசச் சிங்கமாகிய முஃபாசா தன் தம்பி ஸ்காரின் சூழ்ச்சியால், வெருண்டோடும் விலங்கு மந்தையிடைப்பட்டு இறந்துபடுகின்றான். அவன் மகன் சிம்பாவைத் 'தந்தை சாவுக்கு நீயே காரணம்' என நம்பச்செய்து ஸ்கார் ஓட்டிவிடுகின்றான். படத்தின் முன்பாதியில் இடப்பெறும் வித்து இதுவே. அரசுரிமை மேலே தோன்றும் பொருள். மண்ணுள் கிடப்பது குற்றவுணர்ச்சி. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தோடு இப்படத்தை ஒப்பிடுவோர் சிற்றப்பன், அரசுரிமை, தந்தையின் ஆவி என்னும் மூன்று ஒப்புமைகளைக் கூறி அமைவர். அவற்றினும் சிறந்த வேற்றுமை ஒன்று உளது. ஹாம்லெட்டின் தந்தையாவி கொலைஞன் யார் எனக் கூறிவிடுகின்றது. முகிலிடைத் தோன்றும் முஃபாசாவோ 'நீ யார் என்பதை மறவாதே' என்ற அளவில் நின்றுவிடுகின்றான். ஆகவே சிம்பா தன்னைக் குற்றவாளி என நம்பியே நாடு மீள்கின்றான். தாயும் பிற சிங்கங்களும் கேட்ப, 'யானே பொறுப்பு' என ஒப்புக்கொள்கின்றான். இப்படத்தின் மெய்யான விளைவு இவ்விடமே.

ஆயின் படம் தன் விளைவைத் தானே அஞ்சுகின்றது. அடுத்த சில நொடிகளில் ஸ்கார் தன் குற்றத்தைச் சிம்பாவின் செவியிற் கூற, சிம்பா பாய்ந்து அதனை யாவரும் கேட்க அவனைச் சொல்விக்கின்றான். நெடுங்காலம் சுமந்த சுமை ஒரு செய்தியால் இறங்கிவிடுகின்றது. சிம்பா மாசற்றவனாதலின் உண்மை வெளிப்படல் வேண்டும் அன்றோ எனின், வேண்டும். எப்பொழுது என்பதே வினா. குற்றத்தை ஒப்புக்கொண்ட சிம்பாவைத் தாய் ஏற்றபின் அது வெளிப்பட்டிருப்பின், வித்தியது விளைந்திருக்கும். முன்னரே வெளிப்பட்டமையின் எஞ்சியது போர் ஒன்றே. மழை பெய்கின்றது, புதிய குட்டி பாறைமீது உயர்த்திக் காட்டப்பெறுகின்றது, தொடக்கக் காட்சி மீள வருகின்றது. அரசுரிமையை யாவரும் துய்க்கின்றனர். குற்றவுணர்ச்சி என்னும் வித்தோ அறுவடை காணவில்லை.

2003இல் ஆண்ட்ரூ ஸ்டாண்டன் இயக்கிய 'ஃபைண்டிங் நீமோ' இழப்பைப் படத்தின் வாயிலிலேயே நிறுத்துகின்றது. கோமாளி மீனாகிய மார்லின் தன் துணையையும் முட்டைகளையும் சீலா மீனுக்கு இழந்து, எஞ்சிய முட்டை ஒன்றனை நோக்கி, 'உனக்கு ஒன்றும் நேரவிடேன்' என உறுதி கூறுகின்றான். இந்நிகழ்ச்சியை முதலில் படம் நெடுகப் பின்னோக்குக் காட்சிகளாகப் பகுத்து வைத்திருந்ததாகவும், மார்லின்மீது பரிவு தோன்றாமையின் அதனை ஒருங்கே தொடக்கத்திற்கு மாற்றியதாகவும் இயக்குநரே கூறியுள்ளார். கூறு ஒன்றே, இடம் மாறியவுடன் எரிச்சலூட்டிய தந்தை இரங்கத்தக்கவனாயினான். வரிசையின் ஆற்றலுக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

இல்லம் நீங்கிச் செல்லும் தலைமகன் ஈண்டுத் தந்தை. மகனோ சிட்னி நகரில் பல்மருத்துவர் ஒருவரின் கண்ணாடித் தொட்டியிற் சிறைப்பட்டிருக்கின்றான். இரு கிளைகளையும் கூழைக்கடாப் பறவை ஒன்று கொண்டுசெல்லும் செய்தி இணைக்கின்றது. தொட்டிக்கிளை நகைச்சுவையளவிற் சிறந்தது. அதனை விரித்தல் வேண்டா. திமிங்கிலத்தின் வாயகத்து மார்லின் தன் உறுதிமொழியை மீளக் கூறுங்கால், உடன்வந்த டோரி, ஒன்றுமே நேராதாயின் அவன் வாழ்வில் எதுவுமே நேராதே என்னும் கருத்துப்பட வியக்கின்றாள். வித்தின் குறை வெளிப்படும் கருப்பநிலை இது. இறுதியில் வலைப்பட்ட மீன்களை மீட்க வலைக்குள் செல்ல மகன் இசைவு வேண்ட, தந்தை கைவிடாது பற்றி, பின் விடுகின்றான். எந்தச் சொல் வித்தப்பெற்றதோ அச்சொல்லையே சொன்னவன் அறுக்கின்றான். பகைவன் வீழ்தல் இன்றியே கதிர் முற்றிவிட்டது.

1988இல் மியாசாகி ஹயாவோ இயக்கிய ஜப்பானியப் படமாகிய 'மை நெய்பர் டோட்டோரோ'வில் பகைவனும் இல்லை, இறப்பும் இல்லை. நோயுற்ற அன்னை மருத்துவமனையில் இருக்க, சட்சுகி, மே என்னும் சிறுமியர் இருவர் தந்தையொடு சிற்றூருக்குக் குடிபெயர்கின்றனர். 86 நிமிடப் படத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பகுதி கடந்த பின்னரே மருத்துவமனைத் தந்தி வந்து அச்சத்தை எழுப்புகின்றது. அதுகாறும் நிகழ்வன புதிய வீட்டைச் சுற்றிப் பார்த்தல், காட்டுறை உயிராகிய டோட்டோரோவைக் காணல், மழையில் தந்தைக்காகக் காத்திருத்தல் போல்வனவே. பிராப் வகுத்த நிரலை இப்படத்தில் தேடுவோர் முதற்பகுதியைக் கதையன்று எனத் தள்ள நேரும். எனினும் வித்து அங்கேதான் இடப்பெறுகின்றது. தன் தோட்டத்துக் காய்களை உண்டால் அன்னை நலம்பெறுவாள் என அண்டைவீட்டு மூதாட்டி கூற, இளையவள் அதனை நம்புகின்றாள். அந்நம்பிக்கையோடு மக்காச்சோளக் கதிர் ஒன்றை ஏந்தி மருத்துவமனைக்கு நடந்து வழிதப்புகின்றாள்.

உரையாசிரியர் உவமையாகக் கூறிய கதிர் இப்படத்தில் உண்மைக் கதிராகவே கையில் உள்ளது. ஆயினும் சிறுமியர் அன்னையின் அறைக்குட் செல்வதில்லை. மரக்கிளையில் இருந்தவாறே, அன்னை தந்தையோடு பேசிச் சிரிப்பதைக் கண்டு மீள்கின்றனர். 'அன்னைக்கு' எனத் தோலிற் கீறப்பெற்ற கதிர் பலகணியோரத்திற் கிடக்கின்றது. அதனை உண்ணும் காட்சி இல்லை. அன்னை இல்லம் மீளுதலும் மக்களோடு ஒருங்கிருத்தலும் கலைஞர் பெயர்கள் ஓடுங்காலத்துச் சிறு ஓவியங்களாக வருவன. திரையரங்கில் பலர் அந்நேரம் எழுந்துவிடுவர். கதைச்சுருக்கம் எழுதுவோரும் அவ்வோவியங்களைச் சேர்ப்பதில்லை. இப்படத்தின் துய்த்தல் அங்கேதான் உள்ளது.