சின்னத்திரைச் சிரிப்பும் நம்மூர்க் குசும்பும்

மலருக்கு எழுதித் தரச் சொன்ன விழாக் குழுவினர் கேள்வியையும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். "அந்தக் கலக்கப் போவது யாரு முன்ன மாதிரி இல்லீங்களே, ஏனுங்க?" அந்தியூர் டீக்கடைகளில் பல ஆண்டுகளாகக் காதில் விழும் கேள்விதான். 2005-இல் விஜய் டிவியில் தொடங்கிய நிகழ்ச்சி ஒன்பது சீசன்கள் கண்டது. இடையிடையே 'சாம்பியன்ஸ்' என்று கிளையும் விட்டது. இதைப் பார்த்து சன் டிவியில் 'அசத்தப் போவது யாரு' வந்தது. அங்கே நடுவராக உட்கார்ந்து மதன் பாப் சிரித்த சிரிப்புக்காகவே பார்த்தவர்கள் உண்டு. இந்த மேடைகளெல்லாம் சலித்துவிட்டனவா? ஆம், சலித்துவிட்டன என்பதுதான் என் பதில். ஆனால் அதில் ஏறியவர்களுக்குத் திறமை குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்தக் கலைக்குச் சில வழிகள் உண்டு. நமக்கு மிக நெருக்கமானது பலகுரல். 2023 மார்ச்சில் மறைந்த கோவை குணா இந்த வழியில் வந்தவர். கவுண்டமணி, ஜனகராஜ், சிவாஜி குரல்களால் வீடு வீடாகத் தெரிந்தவர். ஒரு நடிகரின் குரலைத் தொண்டையில் கொண்டு வருவது பாதி வேலை. அந்த நடிகர் எந்தப் படத்திலும் நிற்காத இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தி, அங்கே அவர் என்ன பேசுவார் என்று யோசிப்பது மீதிப் பாதி. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் கவுண்டமணி நமக்குப் புதியவர். 'கரகாட்டக்காரன்' படத்து வாழைப்பழத்தை அப்படியே திருப்பிச் சொல்லும் கவுண்டமணியை 1989-லேயே பார்த்தாயிற்று. பலகுரலுக்கு இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை. 2020-இல் இளம் வயதில் போய்ச் சேர்ந்த வடிவேல் பாலாஜி அந்த உரைகல்லில் தேறியவர். அவர் வடிவேலுவின் குரலோடு நிற்கவில்லை. தோள் எப்போது தொங்கும், கண் எப்போது திருதிருவென்று விழிக்கும் என்பதுவரை உடம்பில் ஏற்றி வைத்திருந்தார்.

இரண்டாவது வழி பகடி. இதற்கு நம்மிடம் பெரிய பாட்டன் இருக்கிறார். என்.எஸ்.கிருஷ்ணன் நந்தனார் கதையின் காலட்சேப வடிவத்தை எடுத்து 'கிந்தனார்' செய்தார். 'நல்லதம்பி' (1949) படத்திலும் அது உண்டு. நந்தன் சிதம்பரத்துக்கு ஏங்கினான், கிந்தன் பள்ளிக்கூடத்துக்கு ஏங்கினான். சிரித்து முடித்த பிறகு கையில் ஒரு செய்தி மிஞ்சியது. விஜய் டிவியில் ராம் பாலா இயக்கிய 'லொள்ளு சபா' இந்த வழியில் வந்ததுதான். சந்தானம், சாமிநாதன், மனோகர், ஜீவா என்று ஒரு பட்டாளமே இருந்தது. ஓடுகிற படத்தை எடுத்து, அதன் நாயக பிம்பத்தைத் தோலுரித்துக் காட்டினார்கள். மனோகர் கையை ஆட்டிக்கொண்டே, வார்த்தைகளை இழுத்துப் பேசுகிற ஒரு நிமிடத்தில் அந்த நாயகனின் வீரமெல்லாம் காற்றுப்போய்விடும். அட்டைப் பெட்டியில் செய்த செட்டு, மலிவான விக்கு. அந்த வறுமையே அதற்கு அழகாயிற்று.

துணுக்குத் தோரணம் கட்டுவது இன்னொரு வழி. பட்டிமன்ற மேடையின் தம்பி அது, மதுரை முத்து அதன் தலைமகன். வேகம்தான் அதன் பலம் என்பதால் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேஷம் கட்டுகிற வழியில் 'அது இது எது'வின் 'சிரிச்சா போச்சு' சுற்று வந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரிக்கக் கூடாது என்ற ஒரே விதிதான். கூத்துக் கோமாளிக்குப் பழகிய விளையாட்டு. குடும்பச் சண்டைகளைப் பேசித் தீர்த்த ஜீ தமிழின் 'சொல்வதெல்லாம் உண்மை'யை வைத்து அந்தச் சுற்றில் ராமர் சொன்ன "என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா" ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டது. அடுத்தவர் வீட்டுச் சண்டையை நடுக்கூடத்தில் வைத்துப் பார்க்கும் நம் பழக்கத்தைத்தான் அவர் தொட்டார். தொட்ட இடம் சரியாக இருந்ததால்தான் அது நிலைத்தது.

இவ்வளவு இருந்தும் ஏன் சலித்தது? முதல் காரணத்தை மேடைக் கலைஞர்கள் நன்றாகவே அறிவார்கள். உடம்பெல்லாம் வெள்ளிச் சாயம் பூசிக்கொண்டு ஊர் ஊராக மேடையேறியதால்தான் சங்கர், ரோபோ சங்கர் ஆனார். மாரியம்மன் நோம்பிக்கு ஓர் ஊர், அடுத்த வாரம் இன்னோர் ஊர். இப்படிப் போகிறவருக்கு ஒரு கான்செப்ட் ஐந்தாறு ஆண்டு சோறு போடும். ஒவ்வோர் ஊரிலும் அதில் ஒரு வரி கூடும், ஒரு வரி உதிரும். முதல் சீசன்களில் நாம் பார்த்தது அப்படிப் பல இரவுகளில் பழுத்த சரக்கு. தொலைக்காட்சி அதை ஏழு நிமிடத்தில் செலவழித்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு என்ன என்று கேட்டது. பழுக்க நேரமில்லாதபோது கையில் கிடைத்தது காய்தான். இந்தி 'கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்' தொடங்கியதும் அதே 2005-இல்தான். அதன் மூன்றாம் சீசனில் வென்ற கபில் சர்மா பெரிய நட்சத்திரமானார். இங்கே மூன்றாம் சீசனில் வென்ற சிவகார்த்திகேயனும் அப்படியே. அதன் பிறகு வந்தவர்களில் பலருக்கு அந்த மேடை சினிமாவுக்குப் போகும் பஸ் ஸ்டாப் ஆனது. பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ரோட்டோரப் பேச்சு காதில் விழாது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நிகழ்ச்சி தன்னையே கேட்கத் தொடங்கிவிட்டது. போட்டியாளர் நடுவரைக் கலாய்ப்பார், நடுவர் தொகுப்பாளரைக் கலாய்ப்பார். இடையிடையே சினிமா வசனத் துண்டுகள் ஒலிக்கும். கேலிக்கு மிஞ்சியது ஒருவரின் நிறம், பருமன், பல் வரிசை மட்டுமே. அறந்தாங்கி நிஷா வீட்டுக்குள் நடப்பதை எடுத்துப் பேசும்போது எந்த மேடையும் அவருக்குச் சிறியது. அப்படிப்பட்டவரின் தோல் நிறத்தையே சிரிப்புக்குக் கச்சாப் பொருளாக்கிய வாரங்களில் என்னால் டிவி முன் உட்கார முடியவில்லை.

நாட்டு நடப்பைப் பேசலாமே என்பீர்கள். அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' 1975-லிருந்து ஓடுகிறது. பழைய மாதிரி இல்லை என்று அதைச் சொல்லாத தலைமுறையே அங்கில்லை. ஆனாலும் அந்த வாரத்துச் செய்தியை அந்த வாரமே எழுதி, நாட்டின் அதிபரைப் பெயர் சொல்லி நடித்துக் காட்டுவதால் அதற்கு மூச்சு இருக்கிறது. இங்கே 2022 பொங்கல் சமயத்தில் ஜீ தமிழின் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' மேடையில் இரண்டு சிறுவர்கள் ராஜா மந்திரி வேஷத்தில் பணமதிப்பிழப்பைத் தொட்டுப் பேசினார்கள். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஏழு நாளில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பிள்ளைகள் பேச்சுக்கே இது என்றால், சேனல்காரர் நிறத்தையும் பருமனையும் தாண்டி எங்கே போவார்?

கோயமுத்தூர்க் குசும்பு என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதன் இலக்கணம் வேறு. 'ங்க' போட்டுத்தான் காலை வாருவோம். "மாப்பிள்ளைக்கு வேலை எச்சுங்க, அதான் மத்தியானம் எந்திரிக்கறாருங்க" என்றால், கேட்கிற மாப்பிள்ளைக்கும் சிரிப்பு வரும். கேலிக்கு ஆளானவரும் கூட உட்கார்ந்து சிரிக்க வேண்டும் என்பது எழுதி வைக்காத சட்டம்.

அதைக் கண்ணால் கண்டது ஓர் ஆடி மாதத்தில். புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழா, குதிரையும் மாடும் நிறைந்த சந்தை. இரண்டு வண்டிகளைச் சேர்த்து மேலே பலகை போட்ட மேடையில் உள்ளூர்க்காரர் ஒருவர் ஏறினார். தோளில் இருந்த துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் போட்டார், இடது கையை அதற்குள் விட்டார். வாங்குகிற தரகரும் விற்கிற தரகரும் அவரே. பேச்சே இல்லை, சந்தை வழக்கப்படி விலை பேசுவது துண்டுக்குள் விரல்கள்தான். துண்டு மட்டும் அசைகிறது. இடது பக்கம் திரும்பினால் முகத்தில் ஆசை, வலது பக்கம் திரும்பினால் மாட்டை இன்னொரு தடவை பார்க்கிற அலட்சியம். துண்டுக்குள் ஒரு விரல் மடங்கியதும் இடது முகத்தில் ஒரு நொடி ரத்தமே இல்லை. கூட்டத்தில் முதலில் வெடித்துச் சிரித்தவர் சந்தையில் நாற்பது வருஷம் தரகு பார்த்த பெரியவர். முடிந்ததும் மேடைக்குப் போய், "மடக்குனது சரிதானுங்க தம்பி, ஆனா கொஞ்சம் மெதுவா மடக்கோணும்" என்று விரலைப் பிடித்துக் காட்டினார். அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

இந்த ஆண்டு விழாவுக்கு டிவி புகழ் குழு ஒன்பது மணிக்கு வருகிறது. வரட்டும், மனமார வரவேற்போம். அதற்கு முன்னால் இருபது நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். எங்கள் வீதியில் பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் வெற்றிலை ஏலத்தை அப்படியே நடத்துகிறான். ராசி வெற்றிலைக்கு ஒரு குரல், பீடா வெற்றிலைக்கு ஒரு குரல், செங்காம்பு வெற்றிலை வந்ததும் குரல் தழையும் விதம், விலை படியாதபோது கட்டை ஒரு தட்டுத் தட்டிக் கீழே வைக்கும் கோபம், எல்லாம் இருக்கிறது. மேடையேறத்தான் தயங்கினான். "ஏலம் கூறறவரும் கூட்டத்துல இருப்பாருங்களே" என்றான். முன் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிவிட்டேன்.