மாடியில் ஒரு வெண்டைப் பூ

காலையில் மொட்டை மாடியில் வெண்டைப் பூ விரிந்திருக்கும். வெளிர் மஞ்சள் இதழ்கள், நடுவே கருஞ்சிவப்புக் கண். பள்ளி விட்டதும் மாடிக்கு ஓடும் குழந்தை பார்க்கும்போது அது சுருண்டிருக்கும். ஒரே நாள் ஆயுள். வாடிய பூவுக்குள்ளே பிஞ்சு தொடங்கியிருக்கும்.

அது காயாகும் வரையிலான காத்திருப்பில்தான் தொட்டித் தோட்டத்தின் அழகு. ஆனால் குழந்தையின் முதல் விதை நெடுநாள் காக்க வைக்கக் கூடாது. அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு பிடி வெந்தயத்தைத் தூவினால் 3, 4 நாளில் முளை எட்டிப் பார்க்கும். முளைக்கீரை 25 நாளில் கடைசலுக்கு வந்துவிடும். நாற்று விட்டு நடும் தக்காளிக்கும் கத்தரிக்கும் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

பழைய வாளி, அரிசிச் சாக்கு, தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பில் வரும் பை, எதுவானாலும் போதும். அடியில் துளை அவசியம். நீர் தேங்கினால் வேர் அழுகும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் பிசைந்து கலக்கும் வேலையைக் குழந்தைகளிடமே விட்டுவிடலாம்.

வெண்டை விதைத்த 45 நாளில் காய்ப்புக்கு வரும். பூத்த ஐந்தாறு நாளில் பறிக்க வேண்டும். தாமதித்தால் காய் முற்றி நாராகிவிடும். சந்தையில் அம்மா நுனியை ஒடித்துப் பார்ப்பது ஏன் என்று அன்று அந்தச் சின்ன விரல்களுக்குப் புரியும்.

பட்டென்று ஒடிகிறது. பிஞ்சுதான்!

மொத்தம் 4 காய். இரவுச் சாப்பாட்டில் யார் தட்டுக்கு எத்தனை துண்டு என்று எண்ணிப் பங்கு பிரிகிறது.