முதல் வேலைக்குச் சென்னை: செவிலியர் இடப்பெயர்வின் வரவும் செலவும்

பி.எஸ்சி. நர்சிங் கடைசி ஆண்டுத் தேர்வு முடிந்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பெயரும் பதிவாகிவிட்டால், திருவாரூர், அரியலூர், இராமநாதபுரம் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். "ரெண்டு வருஷம் மெட்ராஸ்ல போய் எக்ஸ்பீரியன்ஸ் எடுத்துட்டு வாடி, அப்புறம் எங்க வேணும்னாலும் போகலாம்" என்பார் கல்லூரியில் சீனியராக இருந்த அக்கா. "பக்கத்து நர்சிங் ஹோம்லயே சேந்துக்கம்மா, கண்ணு முன்னாடி இருப்ப" என்பார் அம்மா. இரண்டும் அக்கறையில் வருகிற சொற்கள்தான். முடிவெடுக்கப்போகிற பெண்ணுக்குத் தேவையான விவரம் மட்டும் இரண்டிலும் இல்லை.

படித்து முடித்த கையோடு சென்னைக்குக் கிளம்புவது இன்று எழுதாத விதியாகிவிட்டது. அதை ஒரு வழக்கமாக எடுத்துக்கொண்டு, எது நல்லது, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் எளிதில் கிடைக்காத ஒன்று சென்னையில் உண்டு: ஒழுங்காக நடக்கும் பெரிய வார்டில் கிடைக்கும் பயிற்சி. அதற்காகப் போகலாம். சம்பளத்தை நம்பியோ, 'சென்னை எக்ஸ்பீரியன்ஸ்' என்ற பெயருக்காகவோ போகிறவருக்குக் கடைசியில் கையில் நிற்பது குறைவு.

வார்டு கற்றுத்தருவது

ஒரு நல்ல ஐசியுவில் காலை ஷிப்ட் மாறும் நேரத்தைக் கவனியுங்கள். நைட் டூட்டி சிஸ்டர், வருகிறவரைக் கட்டிலருகே நிறுத்தி ஹேண்டோவர் கொடுக்கிறார். வென்டிலேட்டர் எந்த முறையில் ஓடுகிறது, ஆக்சிஜன் எத்தனை சதவீதம், நார்அட்ரினலின் மணிக்கு எத்தனை மில்லி போகிறது, கடைசி ஒரு மணி நேரத்தில் சிறுநீர் எவ்வளவு, சென்ட்ரல் லைன் போட்டு எத்தனை நாள், முதுகுத் தோல் சிவந்திருக்கிறதா என்று வரிசையாகச் சொல்கிறார். கேட்பவர் தலையாட்டிவிட்டு நகர்வதில்லை. பம்பிலிருந்து நோயாளியின் கழுத்துவரை ஒவ்வொரு குழாயையும் விரலால் தொட்டுக்கொண்டே போய்ச் சரிபார்க்கிறார். பொட்டாசியம், ஹெப்பரின், இன்சுலின் போன்ற மருந்துகளை ஒருவர் எடுக்க, இன்னொருவர் அளவை வாய்விட்டுப் படித்து, இருவரும் கையெழுத்திடுகிறார்கள். தவறு நடக்கவிருந்து தப்பியிருந்தாலும் அதற்கொரு படிவம் நிரப்பப்படுகிறது.

இந்த ஒழுங்கு ஓராண்டு தினமும் பழகினால் கைக்குள் வந்துவிடும். பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கை அப்படித்தான் வேலை செய்யும். டயாலிசிஸ், கேத் லேப், பச்சிளங்குழந்தைகளுக்கான ஐசியு போன்ற சிறப்புப் பிரிவுகளும் பெரிய மருத்துவமனைகளில்தான் நிறைவாக இருக்கின்றன. 2008 முதல் தமிழ்நாட்டில் முறையாக நடந்துவரும் மூளைச்சாவு உறுப்புதானத் திட்டத்தில், தானம் நடக்கும்வரை அந்த உடலின் ரத்த அழுத்தத்தையும் சூட்டையும் மணிக்கணக்கில் காத்துக்கொடுப்பவர் செவிலியர். அந்த வேலையைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளால் பிற மொழிகளும் காதில் விழுகின்றன. வளைகுடா நாடுகளின் உரிமத் தேர்வுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் மருத்துவமனை அனுபவம் கேட்கிறார்கள். அதற்கும் இது ஆகிறது.

இவ்வளவையும் தருவது அந்த நிறுவனமும் அந்த வார்டும்தான். ஊரின் பெயருக்கு இதில் பெரிய பங்கில்லை. செவிலியர் கல்வியின் வரலாறே இதற்குச் சாட்சி. வேலூர் கிறித்தவ மருத்துவமனையில் செவிலியர் பள்ளி 1909-இல் தொடங்கியது. இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு முதன்முதலாக 1946-இல் தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று. மாநிலத் தலைநகருக்கு வெளியே இருந்த ஊரில் நடந்த காரியம் இது. ஆகவே சென்னையில் மோசமான வார்டும் இருக்கலாம். மதுரையிலோ கோவையிலோ வேலூரிலோ மிக நல்ல வார்டும் இருக்கலாம். விளம்பரப் பலகையைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

சம்பளக் கணக்கு

சென்னையில் மாதம் 20,000 ரூபாய், ஊர் நர்சிங் ஹோமில் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் 8,000 ரூபாய் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்க்க வேண்டும்.

சென்னைச் சம்பளத்தில் அடிப்படை ஊதியம் 15,000 என்றால், பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 150 ரூபாய். கைக்கு வருவது 18,050. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 8,000, பஸ், போன் செலவு 2,000, மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வருவதும் சில்லறைச் செலவும் 2,500 என்றால் மிஞ்சுவது 5,550. ஊரிலோ பஸ்ஸுக்கும் கைச்செலவுக்கும் 3,000 போனால் 9,000 மிஞ்சும். கல்விக்கடன் தவணை கட்ட வேண்டிய குடும்பத்துக்குக் கையில் நிற்கும் பணம்தான் முக்கியம். அந்தக் கணக்கில் ஊரே முந்துகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பி.எஃப். சட்டம் 20 பேராவது வேலை செய்யும் இடத்துக்கும், இ.எஸ்.ஐ. 10 பேர் இருக்கும் இடத்துக்கும் பொருந்தும். சிறிய நர்சிங் ஹோம்களில் இரண்டும் இல்லாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். சென்னை வேலையில் பணியாளர் பங்கு 1,800-உடன் நிறுவனத்தின் பங்கும் 1,800 சேர்கிறது; அதில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் இருந்தால், இ.எஸ்.ஐ. வழியாகத் தன்னைச் சார்ந்த பெற்றோருக்கும் சிகிச்சை கிடைக்கும். இந்தச் சேமிப்பையும் கூட்டினால் இரண்டு ஊரும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. மருத்துவமனையே தங்க இடமும் ஒரு வேளைச் சாப்பாடும் தந்தால்தான் சென்னை தெளிவாக முன்னேறும். ஆகவே நேர்காணலில் சம்பளத்தைக் கேட்கும் மூச்சிலேயே குவார்ட்டர்ஸ் உண்டா என்று கேட்டுவிட வேண்டும்.

இந்த அளவுக்கு இழுபறியான கணக்காக இது இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஊதியம் குறித்து 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிபுணர் குழு அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனை மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. செவிலியர்கள் தொடர்ந்து போராடியதால் கேரளம் 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. சட்டத்தின் வழியாகச் செய்யக்கூடியதுதான் என்பதற்கு அது சான்று. இங்கே அப்படியொரு அடித்தளம் உறுதியானால், பெண்கள் சம்பளத்துக்காக ஊரைவிட்டுப் போக வேண்டிய அழுத்தம் பாதியாகும்.

வழக்கத்தின் பெரிய குறை

இரண்டு வருடத்தில் போய்விடுவார் என்று தெரிந்தே ஒருவரை எடுக்கும்போது, நிறுவனம் அவரை வளர்ப்பதில் முதலீடு செய்யத் தயங்குகிறது. போகிற இடத்தை அடுத்த ஆண்டுப் பட்டதாரி நிரப்பிவிடுவார் என்ற நம்பிக்கை. இதனால் வார்டில் பாதிப்பேர் புதியவர்கள். அவர்களுக்கும் கற்றுக்கொடுத்து, தன் நோயாளிகளையும் பார்க்கும் சுமை இரண்டொரு சீனியர் சிஸ்டர்கள் தலையில் விழுகிறது. கற்றுக்கொள்ள வந்தவருக்குக் கற்றுத்தர ஆளில்லாத நிலை அங்கேதான் உருவாகிறது. வழக்கம் தன் நல்ல பலனைத் தானே அரித்துவிடுகிறது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிப்படி பயிற்சி மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவரும், பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒருவரும் செவிலியராக இருக்க வேண்டும். ஒரு செவிலியரிடம் 12 நோயாளிகளை ஒப்படைத்தால் அங்கே நடப்பது பயிற்சியாகாது. மருந்து நேரத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவதிலேயே ஷிப்ட் முடிந்துவிடும். நைட் டூட்டி பல இடங்களில் 12 மணி நேரம். பகலில் தூங்க வேண்டியவர், நான்கு பேர் தங்கும் அறையில், மற்றவர் எழுந்து கிளம்பும் சத்தத்தில் படுத்திருக்கிறார். விடுதிச் சாப்பாட்டு நேரமும் ஷிப்ட் நேரமும் பொருந்தாமல் வெளியே வாங்கிச் சாப்பிடும் செலவு கூடுகிறது.

சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, பாண்டு பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கமும் உண்டு. சான்றிதழ் சந்தையில் விற்கும் பொருளல்ல, அதைப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தும், முதல் வேலைக்கு வரும் 22 வயதுப் பெண், ஊர் பேர் தெரியாத இடத்தில், "கொடுக்க மாட்டேன்" என்று சொல்லத் துணிவது கடினம். அவருடைய கூச்சத்தின் மீதுதான் இந்தப் பழக்கம் நிற்கிறது.

ஊர் கற்றுத்தருவது

சென்னைக்குப் போகாதவருக்கு அனுபவமே கிடைக்காது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். வயலிலிருந்து தூக்கிவந்தவரின் ரத்தத்தை 2 மில்லி எடுத்து, உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து தொடங்கும். மருந்து ஏறும்போது ஒவ்வாமை வருகிறதா என்று கட்டிலருகே நின்று பார்க்க வேண்டும். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் கொடுத்துக்கொண்டே நெஞ்சின் சளிச்சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அளவைக் கூட்டுவதும் இப்படிப்பட்டதே. டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனைச் செவிலியருக்கு இவை அன்றாட வேலை. சென்னையின் கண்ணாடிச் சுவர் ஐசியுவில் பல ஆண்டு இருந்தவரும் இவற்றை அரிதாகவே பார்த்திருப்பார்.

நிலைமையும் மாறிவருகிறது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் அரியலூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம், விருதுநகர், கள்ளக்குறிச்சியும் அடக்கம். முன்பு சென்னைக்கோ மதுரைக்கோ அனுப்பிய நோயாளிகளைப் பார்க்கும் வார்டுகள் இனி அந்த ஊர்களிலேயே வளர வேண்டும்.

அரசு வேலையைக் காரணம் காட்டி ஊரிலேயே காத்திருப்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு நடத்தி எடுத்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். பணிநிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராட நேர்ந்தது. கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்த பலருக்கு 2022 டிசம்பர் 31-உடன் வேலை முடிந்தது. தேர்வு எழுதுங்கள், உறுதியாக எழுதுங்கள்; அதற்காக மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைக்காதீர்கள். அரசு வேலைதான் குறி என்றால், படிக்க நேரம் விடாத சுழல் ஷிப்டைவிட ஊர் வேலை உகந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

யார் போகலாம், எப்படிப் போகலாம்

ஐசியு, டயாலிசிஸ், குழந்தைகள் பிரிவு என்று ஒரு துறையில் மனம் வைத்திருப்பவரும், வெளிநாடு போவதென்று தீர்மானித்தவரும் சென்னைக்குப் போவது நல்லது. வீட்டில் உடனே பணம் தேவை, தங்க இடம் தராத மருத்துவமனை, எந்த வார்டு என்று சேர்ந்த பிறகே சொல்வார்கள் என்றால் போகாமல் இருப்பதே மேல். எந்த நிலையிலும், தொலைபேசியில் வந்த வேலையை நேரில் பார்க்காமல் ஏற்கக் கூடாது. பெற்றோர் ஒருநாள் உடன்போய் வர வேண்டும். எனக்கு எந்த வார்டு, ஒரு ஷிப்டில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள், தனியாக விடுவதற்கு முன் எத்தனை வாரம் சீனியருடன் வைப்பீர்கள், இரவு டூட்டிக்கு வண்டி உண்டா, பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள் குழு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வெளி விடுதி என்றால், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும்; தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கம் வேலையென்றால் அரசின் 'தோழி' விடுதியிலும் விசாரிக்கலாம். பாண்டு இருந்தால் அதன் நகலை வாங்காமல் கையெழுத்திடக் கூடாது. ஒரிஜினல் சான்றிதழை விட்டுவர வேண்டாம்.

போன பிறகும் எடைபோடுவது நிற்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, புதிதாக எதைத் தனியாகச் செய்யக் கற்றேன் என்று எழுதிப் பார்க்க வேண்டும். சொல்லும்படி ஒன்றும் இல்லையென்றால் வார்டு மாற்றிக் கேட்கலாம். தரவில்லையென்றால் மருத்துவமனையையே மாற்றலாம், ஊருக்கும் திரும்பலாம். அப்படித் திரும்புகிறவரைத் தோற்று வந்தவராகப் பார்க்கும் பழக்கத்தை நம் குடும்பங்கள் விட வேண்டும். பெரிய வார்டின் ஒழுங்கைக் கையில் பழகிக்கொண்டு வருகிற ஒரு செவிலியர், மாவட்ட மருத்துவமனைக்குக் கிடைப்பதில் மிகப் பெரிய வரவு. அவர் அங்கேயே நிலைத்திருக்கத் தக்க ஊதியம் தருவது அரசின் கடமை, நிர்வாகங்களின் கடமை.