திருக்கடைக்காப்பும் அடுத்த ஆல்பமும்

‘பாட்டு எப்போது வருகிறது?’ என்று தமிழ்நாட்டில் ஒருவர் கேட்டால், அவர் ஏதோ ஒரு படத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். முதல் பாடல், இரண்டாம் பாடல், இசை வெளியீட்டு விழா என்று திரைப்படம் நமக்குக் காத்திருக்கவே ஒரு முறையைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, தன் குரலிலேயே பாடும் ஒருவரின் அடுத்த தொகுப்புக்காக ஏங்கும் கூட்டம் தமிழில் மிக அண்மையில்தான் திரண்டிருக்கிறது. ஏன் இவ்வளவு காலமாயிற்று என்றால், சினிமா எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்ற பதில் தயாராக இருக்கிறது. அது பாதி உண்மை. ஒருவருடைய பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டுமானால், அந்தப் பாட்டை அவர்தான் கட்டினார் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். மண்ணின் பாட்டுகளிலிருந்து கட்டியவரின் பெயரைச் சினிமா வருவதற்கு முன்பிருந்தே நாம் உரித்து எடுத்துக்கொண்டிருந்தோம். பாட்டைத் திரட்டியவர்கள், மேடையேற்றியவர்கள், கேட்டவர்கள் எல்லாருக்குமே அதில் பங்குண்டு. இன்று உருவாகியிருக்கும் காத்திருப்பை, அந்தப் பெயர் திரும்பி வருவதன் அடையாளமாகவே பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவில் ‘ஆல்ட்-கன்ட்ரி’ என்று அழைக்கப்படும் இசைவகை இங்கே ஒப்பிட உதவும். அங்கிள் டுபெலோ என்ற குழு 1990இல் ‘நோ டிப்ரஷன்’ என்ற தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. தலைப்பை, கார்ட்டர் குடும்பத்தார் 1936இல் பதிவுசெய்த ஒரு பழம்பாட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். 1995இல் அதே பெயரில் ஒரு பத்திரிகையும் தொடங்கியது. அந்த இளைஞர்கள் வந்த ஊர் இல்லினாய் மாநிலத்தின் பெல்வில். நிலக்கரிக்கும் அடுப்பு வார்க்கும் ஆலைகளுக்கும் ஒரு காலத்தில் பேர்போன ஊர் அது. அந்தத் தொகுப்பில் ‘ஃபேக்டரி பெல்ட்’ என்றே ஒரு பாட்டு உண்டு. கிராமத்துப் பாட்டைக் கிராமத்தில் உட்கார்ந்து அவர்கள் பாடவில்லை. வயலை விட்டு ஆலைக்கு வந்த தலைமுறையின் பிள்ளைகள், பாட்டன்மாரின் மெட்டைத் தங்கள் ஊரின் இரைச்சலோடு சேர்த்துப் பாடினார்கள். அந்த வட்டத்து ரசிகர்களின் பொறுமைக்கு எடுத்துக்காட்டு லூசிண்டா வில்லியம்ஸ். 1992க்குப் பிறகு அவருடைய அடுத்த தொகுப்பு 1998இல்தான் வந்தது. ஆஸ்டினில் பதிவுசெய்து, மனம் ஒப்பாமல் நாஷ்வில்லில் மறுபடி பதிவுசெய்து, லாஸ் ஏஞ்சலிஸில் முடித்தார். ஆறு ஆண்டுகள் அவருக்காகக் காத்திருந்தவர்களைப் பிடித்து வைத்திருந்தது ஒரு நட்சத்திரத்தின் முகம் அல்ல. இந்தச் சொல்லை இந்த மனுஷிதான் எழுதுவாள், வேறு யாரும் எழுத முடியாது என்ற நம்பிக்கைதான்.

பெல்வில்லை விளக்கியவுடன், அதே போல வயலிலிருந்து ஆலைக்கு மாறிய, சென்னையை ஒட்டிய குன்றத்தூர் நினைவுக்கு வருவது இயல்பு. செம்பரம்பாக்கம் ஏரியின் கரையோரத்து ஊர் இது. நெல் விளைந்த சுற்றுவட்டாரம் ஒரு தலைமுறைக்குள் தொழிற்சாலைப் பட்டையாக மாறிவிட்டது. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2013இல் அங்கேயே ராயல் என்ஃபீல்டு. வட மாவட்டங்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து ரூம் எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ் ஏறி, காண்ட்ராக்டிலும் ட்ரெய்னியாகவும் வேலை பார்க்கும் இளையவர்களின் காதில் ஊர்ச் சாவின் ஒப்பாரியும் திருவிழாப் பறையும் இன்னும் இருக்கின்றன. கை மட்டும் அசெம்பிளி லைனில் இருக்கிறது. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தியை நிறுத்தியது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தலில் பாட்டு இல்லாத போராட்டம் தமிழ்நாட்டில் அரிது. ஆனால் பந்தலைப் பிரிக்கும்போது பாட்டும் பிரிந்துபோகிறது. யார் கட்டினார் என்பது மூங்கிலோடு போய்விடுகிறது.

இது புதிய பழக்கம் இல்லை. ரயில் கவிழ்ந்தாலும் கொலை நடந்தாலும் உடனே சிந்து கட்டி, குறைந்த விலைச் சிறுநூலாக அச்சிட்டு, சந்தையிலும் முச்சந்தியிலும் பாடி விற்றவர்கள் நம்மிடம் இருந்தார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ குஜிலி நூல்கள் எனப்பட்ட அவற்றின் உலகத்தை ஆராய்ந்து காட்டியது. எழுதியவரே பாடி விற்ற அந்த மரபு நம் இலக்கிய வரலாற்றில் ஓரத்தில்தான் கிடந்தது. இன்னொரு பக்கம், நா. வானமாமலை போன்றோர் பெருமுயற்சியோடு நாட்டுப்பாடல்களைத் திரட்டினார்கள். அந்த உழைப்பு இல்லையென்றால் இன்று கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆயினும் ‘மக்கள் பாடல்’ என்ற தலைப்பின் கீழ் வந்தவுடன், பாடிக்காட்டிய கிழவி தகவலாளி ஆகிவிடுகிறாள். அவளுக்கென்று ஒரு கற்பனை, ஒரு தேர்வு, ஒரு திமிர் இருந்திருக்கும் என்பது மறந்துபோகிறது. பள்ளிக்கூடம் போகாத கொல்லங்குடி கருப்பாயி சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடியவர். பெரும்பாலோர் அவரை நினைவில் வைத்திருப்பது 1985இல் வந்த ‘ஆண்பாவம்’ படத்துப் பாட்டியாகத்தான்.

இந்த வரிசையில் என்னை அதிகம் உறுத்துவது பாவலர் வரதராஜனின் கதை. பொதுவுடைமைக் கட்சி மேடைகளில், மக்கள் வாயில் புழங்கிய மெட்டுகளில் தன் சொற்களை ஏற்றிப் பாடியவர் அவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாட்டு வேலை செய்த விதம் இன்றும் பேசப்படுகிறது. அவர் தம்பி இளையராஜா மேடையேறியதும் அவரோடுதான். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு, தம்பியின் அடுத்த பாட்டுக்காகத் தமிழ்நாடே காத்திருந்தது. அண்ணனின் அடுத்த பாட்டுக்காகவும் அடுத்த ஊர்க் கூட்டம் காத்திருந்திருக்கும், ஆனால் இருட்டுக்கு முன் மாட்டுவண்டி கட்டி வந்து உட்கார்ந்தால்தான் அது கிடைக்கும். இசைத்தட்டாக விலைக்கு வராத பாட்டுக்கு அடுத்த தொகுப்பு என்று ஒன்று கிடையாது. ஈழத்தில் நித்தி கனகரத்தினம் தானே எழுதி, மெட்டமைத்து, யாழ்ப்பாணத்து மண் பேச்சில் பாடிய பொப்பிசைப் பாட்டுகள் வானொலியால் கடல் தாண்டின. ‘சின்ன மாமியே’ இங்கே பலருக்கும் தெரியும், அவர் பெயரோ சிலருக்குத்தான் தெரியும். கேசட் காலமும் இதற்கு மருந்தாகவில்லை. ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் சென்டரில் சீட்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கினோம். அது கேட்பவரின் தொகுப்பு. ஒரு கலைஞர் இந்தப் பாட்டுக்குப் பின் இந்தப் பாட்டு என்று ஏன் வைத்தார் என்று யோசிக்க அங்கே இடமில்லை.

2000க்குப் பிறகு தனி ஆல்பங்கள் வரத் தொடங்கின. மலேசியாவிலிருந்து யோகி பி – நட்சத்திராவின் ‘வல்லவன்’ 2006இலும், கோவையிலிருந்து ஹிப்ஹாப் தமிழாவின் ‘ஹிப்ஹாப் தமிழன்’ 2012இலும் வந்தன. இரண்டுக்கும் உண்மையான ரசிகர்கள் இருந்தார்கள். ஆனால் ஆல்பம் வெற்றி பெற்றால் ஆள் சினிமாவுக்குப் போய்விடுவார் என்பது வழக்கமாகிவிட்டது. ஹிப்ஹாப் ஆதி சில ஆண்டுகளில் படங்களுக்கு இசையமைக்கப் போனார். ஷான் ரோல்டனும் அப்படியே. போனதைக் குற்றம் சொல்லவில்லை. தனியிசை சோறு போடாத நாட்டில் அது பிழைப்பு. ஆனாலும் முதல் ஆல்பத்தை விரும்பியவர் இரண்டாவதுக்காக நிற்கும்போது, அவருக்குக் கிடைப்பது வேறொரு நாயகனின் அறிமுகப் பாட்டாக இருக்கிறது. இந்தப் போக்கில் ஒரு முறிவு 2018 ஜனவரியில் நேர்ந்தது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்னெடுப்பில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்தியது. அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட குழு அது. அதில் பாடிய, அரக்கோணத்துக்காரரான அறிவு 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஓஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஸ்னோலினுக்கு அதில் ஒரு பாட்டு. இந்தப் பாட்டை எந்தப் படத்தின் எந்தக் காட்சிக்குள் பொருத்துவது?

பின்பு 2021 மார்ச்சில், பாடகி தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஆகியோருடன் அறிவு சேர்ந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. யூடியூபில் ஐம்பது கோடி பார்வைகளைத் தாண்டியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய, அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து கிளம்பிய பாட்டு அது. பாட்டு உலகம் சுற்றியபோது பெயர் பற்றிய கேள்வியும் கூடவே சுற்றியது. ஒரு பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லாததும், 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரில்லாமல் அப்பாட்டு பாடப்பட்டதும் விவாதமாயின. தான் எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டு என்றார் அறிவு. சந்தோஷ் நாராயணன் தன்னுடைய பங்கையும் தீயின் பங்கையும் விளக்கி, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றார். அந்தப் பாட்டிலிருந்து வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று அவரே 2024இல் சொல்லவும் செய்தார். எவருடைய பங்கு எவ்வளவு என்று தீர்ப்பளிப்பது இங்கே நோக்கமில்லை. இலட்சக்கணக்கான சாதாரணக் கேட்போர் ஒரு பாட்டை யார் கட்டினார் என்று தெருவிலும் டீக்கடையிலும் வாதாடினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். நம் மக்களிசை வரலாற்றில் அப்படி ஒரு வாதத்தை எளிதில் காட்ட முடியாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மண்ணின் பாட்டு எல்லாருக்கும் சொந்தம், அதில் பெயர் பொறிப்பது சந்தைப் புத்தி, ஆல்பம் என்பதே இரவல் வடிவம் என்பார்கள். மறுப்பின் முதற்பாதியில் நியாயம் இருக்கிறது; வள்ளியம்மாள் பாடியதில் அவளுக்கு முந்தையோர் பாடியதும் இருக்கும். ஆனால் இரவல் என்பதை ஏற்பதற்கில்லை. பதிலைக் குன்றத்தூரிலேயே காணலாம். இங்கே பிறந்த சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடினார். அதன் பெரும்பகுதி, ஊர் ஊராக நடந்து பாடிய பாட்டுக்காரர்களின் வரலாறு. அவர்கள் பாடிய பதிகம் என்பது என்ன? ஒரே ஊர், ஒரே பண், பத்துப் பதினொரு பாட்டு. சம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தன் பெயரையும் தன் காழி ஊரையும் சொல்லி முடிப்பார். அதற்குத் திருக்கடைக்காப்பு என்றே பெயர். சுந்தரரும் தன்னை ஊரன் என்று சொல்லிக் கையெழுத்திடுவார். கோயிலில் ஊரே கூடிப் பாடியும் அந்தப் பெயர் அழியவில்லை. பெயர் இருந்ததால் பாட்டு பொதுச்சொத்து ஆகாமலும் போகவில்லை. கையெழுத்தும் பொதுமையும் ஒன்றையொன்று விரட்டும் என்பது நாட்டுப்புறத்தாருக்கு மட்டும் நாம் விதித்த விதி. ஏடேறியவர்களுக்குப் பெயர் உண்டு, ஏடறியாதவர்களுக்குப் பெயர் வேண்டாம் என்பதில் சாதி இல்லை என்று நெஞ்சறிந்து சொல்ல முடியுமா?

ஒற்றைப் பாட்டுகளின் காலத்தில் தொகுப்புக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பது இன்னொரு மறுப்பு. ஒற்றைப் பாட்டு திடீரென்று வந்து பிடித்துப்போவது. அதை எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழிப்பவர் இல்லை. ஒரு மனிதர் இந்த ஆண்டுகளில் என்ன பார்த்தார், எதை மாற்றிக்கொண்டார் என்பதைப் பத்துப் பாட்டுகள் சேர்ந்துதான் சொல்ல முடியும். படம் இல்லாத இசைக்குத் தமிழர் காத்திருக்கமாட்டார்கள் என்பதும் பொய்த்துவிட்டது. இளையராஜா 1993இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு பதிவுசெய்த சிம்பொனி வெளிவரவேயில்லை. ரசிகர்கள் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2025 மார்ச் 8 அன்று அதே லண்டனில் அவருடைய வேறொரு சிம்பொனியான ‘வேலியன்ட்’ அரங்கேறியபோது, முப்பத்திரண்டு ஆண்டு ஏக்கம் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தது. அவருக்குச் சினிமா தந்த பெயர் அதற்கு முன்னே நின்றது என்பது உண்மை. அந்தப் பெயர் இல்லாத இளம் கலைஞருக்கு இத்தனை பொறுமை கிடைக்குமா என்பதுதான் இப்போதைய சோதனை.

அந்தச் சோதனையில் அறிவின் ரசிகர்கள் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இருந்தார்கள். ‘தெருக்குரல்’ முடிந்து 2024இல் அடுத்த தொகுப்பு அம்பாசா குழுவோடு வந்தது. இடையில் அவர் படங்களுக்கும் எழுதினார், பாடினார். ஆயினும் ‘அறிவு ஆல்பம் எப்போது?’ என்ற கேள்வி படத்தின் பெயரோடு ஒட்டாமல் தனியாக நின்றது. தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. 1964இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை எண்ணிக்கையாக எழுதி இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. அந்தத் தோட்டக்காடுகளில் பெயரில்லாமல் உழைத்த பெண்களில் ஒருத்தியின் பெயர் அட்டையில் ஏறியிருக்கிறது. பாட்டிக்கு ஒரு பெயர், பேரனுக்கு அவளால் ஒரு பெயர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வடமேற்கே சிறிது தூரத்தில் இருக்கும் அரக்கோணத்திலிருந்து வந்த இந்தக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே அவர் ஓர் எண்ணும் போட்டிருக்கிறார்: தொகுதி 1.