செயின் தொங்கினால் மெஷின் இல்லை

நாலு மாதமாக 58 சிசி பெட்ரோல் மரம் அறுக்கும் மெஷின் ஒன்றை ஓட்டிப் பார்க்கிறேன். 18 அங்குல பார், 72 கண்ணி செயின். துவாக்குடிக்குக் கிழக்கே எங்கள் கொல்லையில் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலுக்காக வாங்கியது. இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகும், தொடைப் பருமன் மரத்துக்குத் திணறாது. ஆனால் முதல் நாள் இருபதே நிமிடத்தில் செயின் பாரை விட்டுக் கழன்று விழுந்தது. புதுச் செயின் ஓட ஓடத் தளரும், அடிக்கடி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று விற்ற கடையில் யாரும் சொல்லவில்லை.

சொன்னவர் எங்கள் தெருவில் இருக்கும் அண்ணன், பெல் பாய்லர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "சூடு ஏறினா இரும்பு நீளும்ல தம்பி. அவ்வளவு பெரிய பாய்லரையே அதுக்காகத்தான் மேலேர்ந்து தொங்க விடுறோம், கீழ்ப்பக்கம் நீண்டுக்கட்டும்னு" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். செயினின் மொத்த நீளம் ஏறக்குறைய 1.2 மீட்டர். நூறு டிகிரி சூடு கூடினால் எஃகு அந்த நீளத்துக்கு 1.4 மில்லிமீட்டர் நீளும். அவ்வளவு போதும், பாரின் அடியில் செயின் தொங்குவது கண்ணுக்கே தெரியும். இதோடு புதுச் செயினின் ரிவெட்டுகள் படிந்து உட்காருவதும் சேர்ந்துகொள்கிறது.

டைட் வைப்பதை மெஷின் ஆறியிருக்கும்போது, இன்ஜினை அணைத்து, கையுறை போட்டுச் செய்ய வேண்டும். பிரேக்கை விடுவித்து, இரண்டு நட்டையும் லேசாகத் தளர்த்தி, பாரின் மூக்கை மேலே தூக்கிப் பிடிக்கிறேன். இந்தத் தூக்கலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நட்டுத் துளையில் பாருக்குக் கொஞ்சம் ஆட்டம் உண்டு. தூக்காமல் முறுக்கினால், முதல் அறுப்பில் மரம் பாரை மேலே தள்ளியதும் செயின் மறுபடி லூஸ். கீழ்ப்பக்கச் செயின் பாரைத் தொடும்வரை ஸ்குரூவைத் திருப்பி, தூக்கிய நிலையிலேயே நட்டை இறுக்க வேண்டும். பிறகு கையால் இழுத்தால் செயின் தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் டைட் அதிகம். பாரின் மூக்கும் கிளட்ச் பேரிங்கும் தீயும். சூட்டில் இறுக்கியிருந்தால், மெஷினை வைக்குமுன் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். ஆறும் செயின் சுருங்கி கிராங்க் ஷாஃப்டையே இழுக்கும்.

இந்த மாடலில் அந்த ஸ்குரூவை முன்பக்க முள்தகட்டுக்கு அருகில் ஒளித்து வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியோடு வந்த ஸ்பேனரின் திருப்புளி முனை மொத்தமாக இருக்கிறது, உள்ளே நுழைய மறுக்கிறது. இங்கே லேத் பட்டறைக்கா பஞ்சம்? முனையைச் சாணை பிடித்துக் கொண்டேன்.

பல் மழுங்கியதை மரத்தூளே காட்டிக்கொடுக்கும். சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது, மாவாகக் கொட்டினால் போய்விட்டது. இந்தச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்ப்பு. பல்லுக்கு முன்னால் நிற்கும் குட்டை மேடு பல்லின் நுனியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பட்டறையில் கிடக்கும் ஃபீலர் கேஜே அதை அளக்கப் போதும். வளைந்த பல் கொண்ட இந்தச் செயினுக்கு மூலம் ஒரு வண்டின் புழு. மரத்தை இடமும் வலமுமாக அது தின்னுவதைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் ஓரிகனைச் சேர்ந்த ஜோ காக்ஸ் 1947இல் இப்படிப்பட்ட செயினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒரு புழுவின் வாயை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த மனிதரை நினைத்தால் அரம் பிடிக்கும் கை நிதானப்படுகிறது.

கருவேலின் அடிமண்ணை மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டு அறுங்கள். ஒரு பிடி மணல் ஒரு நாள் கூரைத் தின்றுவிடும். கழிவு ஆயிலைப் பாருக்கு ஊற்றுவதை இங்கே நிறையப் பார்க்கிறேன், வேண்டாம். அதிலுள்ள இரும்புத் துகள் பாரின் பள்ளத்தை அராவும், தெறிப்பதெல்லாம் நம் தோலிலும் மண்ணிலும் சேரும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அறுக்கப் பட்டுக்கோட்டைப் பக்கம் போன ஒருவர், நார் போய் மூடிக்குள் சுற்றிக்கொள்ளும், தினமும் கழற்றித் துடைத்தால்தான் ஆயில் பாருக்கு வரும் என்றார். கருவேல் தூளுக்கும் அதையே செய்கிறேன்.

அடுத்த வாரம் மூன்றாவது செயின் போடுகிறேன். பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி, ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றப் போகிறேன். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் ஓட்டினால் புதுச் செயினின் கண்ணிகளும் சேர்ந்து தேயும்.