பைண்டு புத்தகத்தின் பின்பக்கம்

என் அத்தையின் டிரங்குப் பெட்டியில் நான்கு பைண்டு புத்தகங்கள் இருந்தன. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரம் தவறாமல் கிழித்தெடுத்து, ஊசிநூலால் தைத்து, அட்டை ஒட்டிச் சேர்த்தவை. ஒன்றில் முதல் இரண்டு அத்தியாயங்கள் இல்லை. இன்னொன்றில் கடைசி அத்தியாயம் இல்லை. கதை அச்சான தாளின் பின்பக்கத்தில் மோர்க்குழம்பு செய்முறை, மருத்துவர் பதில்கள், சிரிப்புத் துணுக்கு, கூந்தல் தைல விளம்பரம் என்று ஏதாவது இருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்ட அத்தை அவை எல்லாவற்றையும்தான் படித்தார். ஒரு தொடரின் நாயகியைப் பற்றிப் பேசத் தொடங்கி, வயிற்றுவலிக்கு மருத்துவர் சொன்ன பதிலுக்குப் போய், மறுபடி நாயகியிடம் வருவார்.

முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்தில் இந்தப் பேச்சு எனக்குச் சிரிப்பாக இருந்தது. பாடல்களைத் திணை, துறை என்று பிரித்தறியக் கற்றிருந்தேன். நவீன இலக்கியத்துக்கும் அப்படியொரு பிரிவினை என் மனதில் இருந்தது. மேல்தட்டில் கவிதையும் தீவிர நாவலும். அதற்குக் கீழே தன்வரலாறு. தரையில் துப்பறியும் கதை, குடும்ப நாவல், சமையல் புத்தகம்.

அந்த அலமாரியோடுதான் வகுப்பறைக்குள் போனேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாமாண்டு மாணவிகளிடம் பிடித்த புத்தகத்தைச் சொல்லச் சொன்னேன். ஒருத்தி எழுந்து, ரமணிசந்திரன் நாவல் ஒன்றின் பெயரைச் சொன்னாள். நான் சிரித்தேன். நான் சிரித்ததால் வகுப்பும் சிரித்தது. அந்தப் பருவம் முடியும்வரை அவள் எந்தப் புத்தகத்தின் பெயரையும் சொல்லவில்லை. தேர்வில் பாடநூலில் இருந்ததை மட்டும் எழுதித் தேர்ச்சி பெற்றுப் போய்விட்டாள். ஒரு வாசகியைப் பேச்சிலிருந்து வெளியேற்ற ஒரு சிரிப்பு போதுமானதாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது.

வகைமை என்பது புத்தகங்களை அடுக்க உதவும் ஏற்பாடு என்கிறோம். அதே ஏற்பாடு யாரைப் பற்றி விமர்சனம் எழுத வேண்டும், யாரைப் பட்டியலில் ஒரு வரியோடு கடக்கலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. வை. மு. கோதைநாயகியை எடுத்துக்கொள்வோம். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் திருமணம். பள்ளிக்கூடம் போகாதவர். எழுதப் பழகாத நாட்களில் அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, அதிலேயே தொடர்கள் எழுதி, 115 நாவல்களை விட்டுச்சென்றார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். இலக்கிய வரலாறுகளில் இவ்வளவும் ‘முன்னோடி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். மர்மமும் துப்பறிதலும் குடும்பக் கண்ணீரும் கலந்து எழுதியவர் என்பதால் அந்த நாவல்களுக்குள் போய்ப் பார்க்க வேண்டிய தேவை பலருக்கு ஏற்படவில்லை. வெளியே போய் வர அனுமதி தேவைப்பட்ட பெண்கள் ரகசியத்தையும் துப்பறிதலையும் ஏன் விரும்பிப் படித்தார்கள் என்பது நல்ல விமர்சனக் கேள்வி. அதைக் கேட்க, முதலில் அந்தப் புத்தகங்களைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும்.

எடுத்துவிட்டால் உடனே கொண்டாட வேண்டும் என்று சொல்லவில்லை. பெண் எழுதியது, பெண்கள் படித்தது என்பதாலேயே ஒரு புத்தகம் நம் பக்கம் நிற்பதில்லை. வெவ்வேறு வகைமைகளைச் சேர்ந்த இரண்டு புத்தகங்களை அருகருகே வைத்துப் படிக்கும்போது, ஒன்று சொல்லாமல் விட்டதை இன்னொன்று காட்டிக்கொடுக்கிறது. எனக்குப் பயன்பட்ட வழி இதுதான்.

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. ஒரு பெண் தன் கையறிவை அளவுகளோடு எழுதி, தன் முயற்சியில் அச்சேற்றிய புத்தகம். பாட்டியிடமும் மாமியாரிடமும் மட்டுமே கிடைத்த அறிவை அது முன்பின் அறியாத பெண்களுக்கும் கொடுத்தது. கல்யாணமாகி வேற்றூருக்குப் போன எத்தனையோ பெண்களுக்கு அது துணையாக இருந்திருக்கிறது. அதைத் தொழில்நூலாக, ஒரு பெண்ணின் ஆசிரியத்துவமாகப் படிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதை மூடிவிட்டு, பாமாவின் ‘கருக்கு’ நூலைத் திறந்தால் அதே சமையலறை வெளியிலிருந்து தெரிகிறது. நாயக்கர் வீடுகளில் வேலை செய்யும் பாட்டி, சாக்கடை ஓரம் தன் பாத்திரத்தை வைக்கிறார். மிஞ்சிய சோறு அதில் படாமல் மேலிருந்து கொட்டப்படுகிறது. குடிக்கத் தண்ணீரும் உயரத்திலிருந்து கையில் ஊற்றப்படுகிறது. ஊற்றுபவரும் ஒரு பெண்தான். சமையல் புத்தகத்தில் ‘இத்தனை பேருக்கு’ என்ற அளவு இருக்கும். யாருக்கு இலை போடப்படும், யாருக்குத் தூக்கிப் போடப்படும் என்ற அளவு அதில் இராது. ‘சமைத்துப் பார்’ பிராமணச் சைவச் சமையல் மரபிலிருந்து வந்தது. அந்த மரபு தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாமலேயே ‘தமிழ்ச் சமையல்’ ஆகிவிட முடிந்ததைக் ‘கருக்கு’க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். மறுபக்கம், 1992இல் ‘கருக்கு’ வந்தபோது அது நாவலா, தன்வரலாறா என்று கேட்கப்பட்டது. ஒரு தலித் பெண் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதிய புத்தகத்தை எங்கே வைப்பது என்று அலமாரிக்குத் தெரியவில்லை. குறை அலமாரியில் இருந்தது.

ரமணிசந்திரனுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தை ஒதுக்கினேன். வீட்டில் இருக்கும் எந்த அச்சுப் புத்தகத்தையும் கொண்டுவரலாம். எதிர்பார்த்ததுபோலவே மாத நாவல்கள் நிறைய வந்தன. ஏன் பிடிக்கிறது என்று கேட்டபோது ஒருத்தி சொன்னாள்: “முடிவு நல்லா இருக்கும்னு முன்னாடியே தெரியும் மேம். எங்க வீட்ல எது எப்ப முடியும்னே தெரியாது.” காதல் கதை என்ற வகைமையின் உறுதிமொழியை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்விலும் நான் படித்ததில்லை.

பக்கத்து வரிசையில் இருந்தவள் விடவில்லை. “அவன் கோபமா கையைப் பிடிச்சு இழுப்பான். அதைப் போயி அன்புன்னு எழுதியிருக்கும். பஸ்ல ஒருத்தன் அப்படிச் செஞ்சா ஒத்துக்குவியா?” மணி அடித்த பிறகும் சண்டை நடந்தது. நான் சிரித்த அன்று இந்தச் சண்டை நடந்திருக்கலாம். அது நடக்காமல் செய்தவள் நான்.

அடுத்த வாரம் மூவாலூர் ராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலைக் கொண்டுபோனேன். 1936இல் வெளியானது. தேவதாசி முறையை உள்ளிருந்து அறிந்தவர், அதை ஒழிக்கப் போராடியவர் எழுதியது. 1947இல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வருவதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பு. இதைப் பிரச்சார நாவல் என்று ஒதுக்குவார்கள். நீண்ட வாதங்கள், மாறுவேடம், திடீர்த் திருப்பங்கள் எல்லாம் இதில் உண்டு. ஆனால் காதல் கதைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. அங்கே பணக்கார நாயகனின் ஆசை பெண்ணின் அதிர்ஷ்டம். இங்கே பணக்கார மைனரின் ஆசைதான் மனைவியையும் தாசியையும் ஒருவருக்கொருவர் எதிரே நிறுத்துகிறது.

இந்தப் புத்தகத்தோடும் மாணவிகள் சண்டை போட்டார்கள். ‘மோசவலை’ தாசிகளுடையது என்றும், ‘மதி’ பெறுபவர் மைனர் என்றும் தலைப்பே சொல்கிறதே, வலையைப் பின்னியவர் யார் என்று கேட்டார்கள். தேவதாசிப் பெண்களிலேயே சட்டத்தை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். சொத்தும் கலையும் கையைவிட்டுப் போகும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அவர்களுடைய குரலை இந்த நாவலிலிருந்து மட்டும் கேட்டுவிட முடியாது. அதற்கு வேறு வகைப் புத்தகங்களுக்குப் போக வேண்டும்.

இன்னொரு அலமாரியையும் சொல்ல வேண்டும். அது நாமே போட்டது. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. களத்துக்குப் போய்த் தங்கி, கேட்டு, பார்த்து எழுதப்பட்டது. உழைப்பைப் பற்றிய நாவல்களோடும் கடற்கரையைப் பற்றிய நாவல்களோடும் வைத்துப் பேச வேண்டிய புத்தகம். பாடத்திட்டத்தில் அது பெரும்பாலும் ‘பெண்ணியம்’ தாளுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆண்கள் எழுதினால் வரலாற்று நாவல், வட்டார நாவல், அறிவியல் புனைவு. பெண்கள் எதை எழுதினாலும் பெண்ணெழுத்து. ஒரு காலத்தில் அந்தத் தனி அலமாரி தேவைப்பட்டது. அது இல்லாவிட்டால் பல புத்தகங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. இன்று அதிலிருக்கும் புத்தகங்களை அவ்வப்போது வெளியே எடுத்து மற்றவற்றோடு மோதவிட வேண்டியிருக்கிறது. என் கவிதைகளும் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன. விமர்சகர்கள் உடலைப் பற்றிய வரிகளை மட்டும் தேடி வாசிக்கும்போது, மழையைப் பற்றி எழுதியதை யார் படிப்பார்கள் என்று எனக்கும் தோன்றும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் என்ன புத்தகம் இருக்கிறது என்று பாருங்கள். ஜோசியப் புத்தகமோ பத்திய உணவுக் குறிப்போ பாக்கெட் நாவலோ எதுவாகவும் இருக்கட்டும். அதை யார் வாங்கினார், யார் படித்தார், எந்தப் பக்கம் கசங்கியிருக்கிறது என்று கேளுங்கள். பிறகு உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள ஒரு புத்தகத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று எங்கே மறுக்கின்றன என்று எழுதுங்கள். உங்கள் ஆசிரியை சிரித்தால், அவரையும் அந்தப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

அத்தையின் பைண்டு புத்தகங்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. கடைசி அத்தியாயம் இல்லாத அந்தத் தொடர் எப்படி முடிந்தது என்று அவர் இருந்தபோது நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்டிருந்தால், இடையில் மோர்க்குழம்பைப் பற்றியும் சொல்லியிருப்பார்.